டைவர்ஸுக்கு அப்புறம் பிள்ளையோட வேற மாநிலம் மாறுறது: கேள்வி பதில்

நான் லாயர் இல்ல, மலேசியாவுல பினாங்கு ஜார்ஜ்டவுன்ல குடும்ப கேஸ் பாக்குற ஒரு லாயர் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா கிராணி, அதாவது கிளார்க். வந்த கேள்வில ஒரே மாதிரி இருந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், கோர்ட் ஆர்டர் எங்க, அத ஒரு வரி விடாம படிச்சீங்களா? பாதி பேர் படிச்சதே இல்ல.

கேள்வி (கேஎல், அதாவது கோலாலம்பூர், செராஸ் அம்மா): டைவர்ஸ் முடிஞ்சிருச்சு, மகனுக்கு அஞ்சு வயசு, கஸ்டடி எனக்குத்தான். பாயான் லெபாஸ்ல வேலை கெடச்சிருக்கு, பினாங்குல அம்மா வீடும் இருக்கு. போனா போலீஸ்ல ரிப்போர்ட் போடுவேன்னு அவரு மிரட்டுறாரு. போவலாமாக்கா?

பதில்: முதல்ல பயத்த விடுமா. முஸ்லிம் இல்லாத நம்ம டைவர்ஸ் எல்லாம் 1976 கல்யாண, விவாகரத்து சட்டம், ஆக்ட் 164 கீழ வருது. கஸ்டடி வச்சிருக்கிறவங்க மாநிலம் மாறக்கூடாதுன்னு அதுல தனியா ஒரு செக்‌ஷனும் கெடையாது, 101வது செக்‌ஷன் பேசுறது மலேசியாவ விட்டு வெளிய கொண்டு போறதப் பத்தி. ஆனா 89வது செக்‌ஷன் இருக்கு பாரு, பிள்ளை எங்க தங்கணும், எப்படி படிக்கணும், அப்பா எப்போ பாக்கணும்னு கோர்ட் நிபந்தனை போடலாம். உன் ஆர்டர்ல "சனிக்கிழமை காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் அப்பாகிட்ட" அப்படின்னு இருந்து, நீ பாட்டுக்கு 350 கிலோமீட்டர் தள்ளி போயிட்டா, அவரு செராஸ் வந்து பூட்டுன வீட்ட பாத்துட்டு நேரா லாயர்கிட்ட போவாரு, கோர்ட் அவமதிப்புக்கு. மாநிலம் மாறுனது தப்பில்ல, ஆர்டர மீறுனதுதான் தப்பு. நாள் கிழமை குறிக்காம, அப்பா நியாயமான அளவு பாக்கலாம்னு வெறும் "ரீசனபிள் ஆக்ஸஸ்" மட்டும் போட்டிருந்தாலும், என்னை வெட்டி விடத்தான் ஊர் மாறுனான்னு அவரு கேஸ் போடலாம்.

அதனால வேலைக்கு சைன் பண்றதுக்கு முன்னாடியே அவருக்கு எழுத்துல தெரியப்படுத்து, வாட்ஸ்அப் பரவால்ல, லாயர் கடிதம்னா இன்னும் நல்லது. சும்மா "போறேன்"னு மட்டும் எழுதாம புது ஷெட்யூலும் சேத்து எழுது. ஒத்துக்கிட்டாருன்னா வாய்ப்பேச்சோட நிக்காம, ரெண்டு பேரும் சம்மதிச்ச கோர்ட் ஆர்டரா, கன்சென்ட் ஆர்டரா பதிஞ்சிரு, ஒத்துக்கலன்னா 96வது செக்‌ஷன் கீழ ஆர்டர மாத்தச் சொல்லி மனு, பழைய கேஸ் ஓடுன அதே கோர்ட்டுல. சூழ்நிலை பெருசா மாறிருச்சுன்னு காட்டணும்.

ஜட்ஜு பாக்குறது 88வது செக்‌ஷன், பிள்ளையோட நலன்தான் முதல். உனக்கு சம்பளம் ஏறுறத மட்டும் சொல்லிட்டு நின்னா எடுபடாது. நீ ஷிப்ட்ல இருக்கும்போது பிள்ளைய யார் பாப்பாங்க, தாடிக்கா, அதாவது பாலர் பள்ளி எங்க, அப்பாவோட பாசம் அறுந்து போகாம என்ன வழி வச்சிருக்கே, இதெல்லாம் அபிடவிட்ல, அதாவது சத்தியம் பண்ணி குடுக்குற எழுத்து வாக்குமூலத்துல வரணும். ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை அம்மாகிட்ட இருக்கிறது நல்லதுன்னு ஒரு அனுமானம் அங்க இருக்கு, எல்லாரும் அதோட படிக்கிறத நிறுத்திடுறாங்க. அந்த அனுமானத்த எதிர்த்தரப்பு ஒடைக்கலாம், கஸ்டடிய மாத்தி மாத்தி பிள்ளை வாழ்க்கைய கொழப்புறது நல்லதில்லன்னும் அதே எடத்துல இருக்கு. இதுவரைக்கும் பிள்ளை உன்கிட்டயே வளந்திருந்தா அந்த ரெண்டாவது பாதியும் உனக்குத்தான் சாதகம்.

ஷெட்யூல் பத்தி ஒண்ணு. தூரம் போயிட்டா வாராவாரம் சனிக்கிழமை நடக்காது, அத எழுதி குடுத்தாலே நீ பொய் சொல்றன்னு தெரிஞ்சிரும். மாசத்துக்கு ஒரு வாரக்கடைசி, ஸ்கூல் லீவுல பெரிய பாகம் அப்பாகிட்ட, தீபாவளி ஒரு வருஷம் அங்க ஒரு வருஷம் இங்க, இப்படி போடு. தைப்பூசத்தையும் மறக்காம எழுதிரு, அவரு பத்துமலைன்னு நிப்பாரு உங்கம்மா தண்ணீர்மலைன்னு நிப்பாங்க, இதுக்கே திரும்ப கோர்ட் ஏறுனவங்கள பாத்திருக்கேன். பிள்ளைய எங்க வச்சு ஒப்படைக்கிறது, கேஎல் சென்ட்ரலா பட்டர்வொர்த்தா, டிக்கெட் காசு யாரு, அதையும் போடு. இடிஎஸ் ரயில்ல நாலு மணி நேரம்தான், ஆனா நாம ஊர் மாறுனதுக்கு அவரே எல்லா செலவும் செய்யணும்னு நின்னா ஜட்ஜு மூஞ்சி மாறும்.

கேள்வி (சுபாங் அப்பா): அவ சொல்லாம கொள்ளாம ஜேபிக்கு, அதான் ஜொகூர் பாருக்கு போயிட்டா. மாசக் காச நிறுத்திட்டா தானா திரும்பி வருவா தானே?

பதில்: வேணாம் தம்பி. ஜீவனாம்சம் வேற, பிள்ளைய பாக்குற உரிமை வேற, ஒண்ண வச்சு இன்னொண்ண மிரட்டுனா ரெண்டுலயும் நீங்கதான் மாட்டுவீங்க. ஜீவனாம்சத்த சம்பளத்துலயே பிடிக்கச் சொல்ல 1968ல வந்த சட்டமே ஒண்ணு இருக்கு. அதே மாதிரி ஜேபி ஸ்கூல் வாசல்ல நின்னு பிள்ளைய கார்ல ஏத்திட்டு வர்ற ஹீரோ வேலையும் வேணாம். எந்தெந்த சனிக்கிழமை பிள்ளைய காட்டலன்னு எழுதி வைங்க, மெசேஜ அழிக்காதீங்க, லாயர் கடிதம் அனுப்புங்க. அதுக்கும் மசியலன்னா அவமதிப்பு மனுவோ ஆர்டர மாத்துற மனுவோ போடலாம். போலீஸ் ரிப்போர்ட் ஒரு பதிவுக்கு உதவும், அவ்வளவுதான்.

கேள்வி (கேஎல், இந்திய முஸ்லிம் சகோதரி): எங்களுக்கும் இதே சட்டமா? என் சொந்த ஊர் பினாங்கு.

பதில்: இல்லம்மா, உங்களுக்கு ஷரியா கோர்ட். கேஎல் சேர்ந்த கூட்டரசுப் பிரதேசத்தோட 1984 இஸ்லாமிய குடும்பச் சட்டத்துல 83வது செக்‌ஷன படிச்சுப் பாருங்க. பிள்ளைய தகப்பன் மேற்பார்வை பாக்க முடியாதபடி தாய் வீடு மாறுனா ஹடானா, அதாவது பிள்ளைய வச்சு வளக்குற உரிமை, போயிரலாம், ஆனா மணவிலக்கான தாய் தன் பிள்ளைய தான் பொறந்த ஊருக்கு கூட்டிட்டு போகலாம்னு அங்கயே விலக்கும் இருக்கு. உங்களுக்கு பினாங்கு பொறந்த ஊருன்னா இது பெரிய பலம், உங்க சூராட் பெரானாக்க, அதாவது பிறப்பு சர்டிபிகேட்ட எடுத்து வைங்க. ஹடானா பொதுவா பையனுக்கு 7, பொண்ணுக்கு 9 வயசு வரைக்கும், கோர்ட் பாத்து 9, 11னு நீட்டிக்கலாம். ஷரியா லாயர்கிட்டயே கேளுங்க, எங்க ஆபீஸ் மாதிரி எடம் இதுக்கு சரிப்படாது.

கேள்வி: சரவாக்ல கூச்சிங் போனா? சிங்கப்பூர் போனா?

பதில்: சிங்கப்பூர் வெளிநாடு, அது ஜேபில இருந்து பாலம் தாண்டுறதா இருந்தாலும் வெளிநாடுதான். அவரோட எழுத்துப்பூர்வ சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாம குடியேற கூட்டிட்டு போவாதீங்க. பிள்ளைய வேற நாட்டுக்கு தூக்கிட்டுப் போயிடுறது பத்தின 1980 ஹேக் ஒப்பந்தத்துல மலேசியா சேரல, போன பிள்ளைய திரும்ப கொண்டு வர்றது பெரும்பாடு, அதனால எதிர்த்தரப்பு விடாப்பிடியா நிக்கும். கூச்சிங் நம்ம நாடுதான், ஆனா தீபகற்பத்துக்காரங்க அங்க வேலை பாக்க சரவாக் இமிகிரேஷன் பாஸ் வேணும், அங்க தமிழ்ப்பள்ளி கெடையாது, தீபாவளிக்கு பொது விடுமுறையும் கெடையாது. ஜட்ஜு கேக்குறதுக்கு முன்னாடி இதுக்கு பதில் வச்சிருங்க.

கேள்வி: மகளுக்கு 13, அவளே பினாங்கு வரேங்குறா. அவ பேச்சு எடுபடுமா?

பதில்: சொந்தமா யோசிச்சு சொல்ற வயசுன்னா பிள்ளையோட விருப்பத்தையும் கோர்ட் பாக்கும், ஜட்ஜு தனியா அறைக்குள்ள கூப்பிட்டு பேசுறதும் உண்டு. சொல்லிக் குடுத்து மட்டும் அனுப்பாதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சிரும்.

கேள்வி: லாயருக்கு குடுக்க காசு இல்ல.

பதில்: அரசாங்க சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்கு போங்க, இல்லன்னா லாயர்ங்க அமைப்பு பார் கவுன்சிலோட சட்ட உதவி மையம், கேஎல்லயும் இருக்கு பினாங்குலயும் இருக்கு. வருமானம் பாத்துதான் எடுப்பாங்க, பே ஸ்லிப், பிள்ளையோட சூராட் பெரானாக், ஆர்டர் நகல் எல்லாம் கையோட கொண்டு போங்க. நகல்ல ரெண்டு செட் கூடுதலா எடுத்துக்குங்க, புது ஸ்கூல் கிராணியும் கேப்பாங்க.