லேப்டாப்ல ஓடுது, தாத்தா வீட்டு பிளேயர்ல ஓடல!

கேள்வி: அக்கா கல்யாண வீடியோவ ஸ்டூடியோக்காரர் பென்டிரைவ்ல குடுத்தார், எம்பி4 ஃபைல், மூணே கால் மணி நேரம், 4 ஜிபி. தாத்தா வீட்ல யுஎஸ்பி இல்லாத பழைய டிவிடி பிளேயர்தான். அதனால ஃபைல அப்படியே டிவிடில காப்பி பண்ணேன். லேப்டாப்ல ஜோரா ஓடுது, அங்க போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு 'நோ டிஸ்க்'னுது. மூணு டிஸ்க் வேஸ்ட். என்னங்க பண்றது?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: தாத்தா பிளேயர திட்டாதீங்க, அது மேல தப்பே இல்ல. நீங்க டிஸ்க்க பென்டிரைவ் மாதிரி யூஸ் பண்ணிருக்கீங்க. பழைய பிளேயருக்கு எம்பி4னா என்னன்னே தெரியாது, அது தேடுறது வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எம்பெக்-2ங்கற டிவிடி வீடியோ முறைக்கு மாத்தின விஓபி ஃபைல், கூடவே மெனு விவரம் சொல்ற ஐஎஃப்ஓ ஃபைல், இதெல்லாம் இருந்தாதான் படம் காட்டும். விண்டோஸ்ல வெத்து டிஸ்க் போட்டதும் 'சிடி/டிவிடி பிளேயருக்கு'ன்னு ஒரு ஆப்ஷன் கேக்கும் பாருங்க, பாதி பேர் ஏமாறுறது அங்கதான். அத அமுக்கினாலும் ஃபைல் எம்பி4ஆவேதான் போகும், மாறவே மாறாது.

டிவிடிஸ்டைலர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டுக்கோங்க. புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே 'பால்' (PAL, நம்ம ஊர் டிவி முறை), 16:9 (அகலத் திரை) ரெண்டையும் செலக்ட் பண்ணிடுங்க. 4:3ல விட்டீங்கன்னா படம் சின்னதாயிடும், இல்ல மாப்பிள்ளை ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டு நிப்பார். அப்புறம் ஃபைல இழுத்து போட்டு பர்ன் குடுத்தா அதுவே எம்பெக்-2க்கு மாத்தி எழுதிடும். பழைய லேப்டாப்னா மாத்தவே மணிக்கணக்கா ஆகும், சார்ஜர சொருகிட்டு உக்காருங்க. ஒரு தடவ நான் சொருகாம விட்டு பாதி பர்ன்ல சார்ஜ் போய், அந்த டிஸ்க் இப்ப எங்க தக்காளிச் செடில குருவி விரட்டிட்டு இருக்கு.

ஆனா மூணே கால் மணி நேரத்த ஒரே டிஸ்க்ல திணிக்காதீங்க. சாதாரண 4.7 ஜிபி ஒரு லேயர் டிஸ்க்ல ரெண்டு மணி நேரம்னா செகண்டுக்கு சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், படம் நல்லாருக்கும். உங்க வீடியோ மொத்தமும் போட்டா 3 சொச்சம்தான், நாதஸ்வரக்காரர் கைய வேகமா ஆட்டினா கட்டம் கட்டமா தெரியும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க்னு பிரிச்சுடுங்க. எப்படியும் டிவிடில படம் 720க்கு 576 புள்ளிதான், ஃபுல் ஹெச்டி தெளிவு வராது, அதனால பென்டிரைவ்ல இருக்கறத மட்டும் அழிச்சுடாதீங்க.

டிஸ்க் வாங்கும்போது டிவிடி-ஆர் கேளுங்க. திரும்ப அழிச்சு எழுதற ஆர்டபிள்யூ வேணாம், அது வெளிச்சத்த கம்மியா திருப்பும், தேஞ்ச லென்ஸ் திணறும். ஸ்பீடும் 16 வேணாம், 4 இல்லன்னா 8 வச்சு எழுதுங்க. கடைசில ஃபைனலைஸ் பண்ணாம, அதாவது எழுதி முடிச்சாச்சுன்னு டிஸ்க்க மூடாம, வெளிய எடுத்தா திரும்பவும் அதே 'நோ டிஸ்க்'தான். பேரு எழுத பால்பாயிண்ட் பேனா வேணாம், மார்க்கர் வாங்கிக்கோங்க.

கேள்வி: டிவிடி கவர்ல 4.7 ஜிபின்னு போட்டிருக்கான், கம்ப்யூட்டர் 4.38 கிட்டதான் காட்டுது. டூப்ளிகேட்டா சார்?
- வாசகர், ஈரோடு

பதில்: ஒரிஜினல்தான். கம்பெனிக்காரன் 1 ஜிபிக்கு நூறு கோடி பைட்னு கணக்கு போடுறான், விண்டோஸ் 1024ஐ மூணு தடவ பெருக்கி போடுது, அது 107 கோடிக்கு மேல வரும். அதான் குறைஞ்ச மாதிரி தெரியுது. நீங்க 4.3க்குள்ளயே நிறுத்திக்கோங்க, 4.5 ஜிபில ஃபைல் ரெடி பண்ணிட்டு இடம் பத்தலன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு முதல்லருந்து ஆரம்பிக்க வேணாம்.