நாவல் பகிர்ந்து கொடுக்கும் வீரம், திரை திரட்டிக்கொள்ளும் வீரம்

நாவலில் நம்மைப் போன்ற மனிதராகத் தெரியும் நாயகன், அதே கதை திரைப்படமாகும்போது ஏன் மாவீரனாகிவிடுகிறான், இரண்டில் எந்தச் சித்திரிப்பு நேர்மையானது என்று கேட்டிருக்கிறீர்கள். நாவல்களையும் அவற்றைத் தழுவி வந்த படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு இது: நாவல் வீரத்தைப் பல பாத்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது, நம் வணிகத் திரைப்படமோ அந்தப் பங்குகளையெல்லாம் திரட்டி ஒரே நடிகரின் உடலில் ஏற்றுகிறது. கீழே சில கதைகளின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடரவும்.

எல்லோருக்கும் தெரிந்த 'பொன்னியின் செல்வ'னை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு நமக்கு விட்டுச்சென்றது மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையைக் குறிப்பிடும்போது வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்று சொல்கிறது. நாயகனாக்குவதற்குக் கல்கிக்குக் கிடைத்த பிடி ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடரில், ஐந்து பாகங்களுக்கு நீளும் ஒரு மனிதனை அவர் உருவாக்கினார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் அந்த இளைஞனிடம் நாடும் இல்லை, படையும் இல்லை. இருப்பது ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகளும், அடக்கமில்லாத ஆவலும், எங்கும் வம்பை வரவழைக்கும் நாவும்தான். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்களின் சதியாலோசனை அவன் காதில் விழுவதற்கு அவனுடைய வாள் காரணமில்லை. அகாலத்தில் தூக்கம் கலைந்ததும், எழுந்து எட்டிப் பார்க்கும் குணமுமே காரணம். அவன் சிக்கிக்கொள்ளும் இடங்களிலிருந்து பெரும்பாலும் அவனை மீட்பவர்கள் மற்றவர்கள். கடல் கடந்து இலங்கைக்குப் போவதற்குக்கூடப் பூங்குழலி படகு செலுத்தியாக வேண்டும். வாராவாரம் ஒரு சிக்கலில் நிறுத்தி, அடுத்த வாரம் அதிலிருந்து விடுவிக்க வேண்டிய கட்டாயம் தொடர்கதைக்கு உண்டு. எதற்கும் கலங்காத, எவராலும் வெல்ல முடியாத ஒருவனை வைத்துக்கொண்டு அப்படி ஒரு கதையை நான்கு ஆண்டுகள் நடத்த முடியாது. வந்தியத்தேவன் தடுமாறுவதும் தப்பிப்பதும் கல்கியின் கலைத்திறன் மட்டுமல்ல, அந்த வடிவத்தின் தேவையும்கூட.

2022-இல் முதல் பாகமும் 2023-இல் இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தபோது, அதே வந்தியத்தேவனை முதலில் ஒரு போர்க்களத்தில், இராட்டிரகூடர்களுக்கு எதிரான சண்டையில் பார்த்தோம். ஏரிக்கரைக் குதிரைக்காரனாக அவன் அறிமுகமாவதற்கு முன்பே, இவன் சண்டை போடத் தெரிந்தவன் என்ற உறுதியைப் பார்வையாளருக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. படத்தை நான் குறை சொல்லவில்லை. கார்த்தி அந்தக் குறும்பை அழகாகவே கொண்டுவந்தார். ஆனால் நாவல் மெல்ல மெல்லச் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையைத் திரை முதல் சில நிமிடங்களில் முன்பணமாகக் கட்டிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அருள்மொழிவர்மனைக் கல்கி கையாண்ட விதம் இதைவிட நுட்பமானது. நூலின் பெயருக்குரியவன் அவன். ஆனால் கதையின் நடப்பில் நாம் அவனை நேருக்கு நேர் சந்திப்பது இரண்டாம் பாகத்தில்தான். அதுவரை தமக்கையின் நினைவாகவும், மக்களின் பேச்சாகவும், பகைவர்களின் அச்சமாகவும் மட்டுமே அவன் இருக்கிறான். கடைசியில் அவனுடைய பெருமை உச்சத்தைத் தொடும் இடத்தில் போரே இல்லை. தனக்குச் சூட்டவிருந்த மணிமுடியை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிறான். அந்தப் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்றே பெயர். இது கல்கியின் வெறும் கற்பனையும் அல்ல. குடிமக்கள் வேண்டிக்கொண்டபோதும், தன் சிற்றப்பன் நாட்டை ஆள விரும்பிய வரையில் அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்ற செய்தி திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இருக்கிறது. நாவலில் அந்த முடியைப் பெறுபவர், கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்; அவர்தான் உண்மையில் அந்தச் சிற்றப்பன் என்பது கதையின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது. படம் அந்தப் பிறப்பு இரகசியத்தை முழுவதுமாக விட்டுவிட்டது. இரண்டு பாகங்களுக்குள் கதையை முடிக்க வேண்டிய இயக்குநர் அதை நீக்கியது எனக்குப் புரிகிறது. ஆனால் வாள் ஏந்தாத ஒரு மென்மையான மனிதரிடமும் அரசுரிமை போய்ச் சேரலாம் என்று கல்கி ஒதுக்கி வைத்திருந்த பங்கு அதனால் இல்லாமற்போயிற்று.

திரை இப்படிச் செய்வதற்குக் காரணங்கள் தெளிவானவை. நட்சத்திரத்தின் பெயரில் வணிகம் நடக்கிறது. ஆகவே அவர் நுழையும் காட்சி ஒரு நிகழ்ச்சியாக வேண்டும். நம் படங்களுக்கு இடைவேளை என்ற ஒன்று இருக்கிறது. வெளியே போகும் பார்வையாளரைத் திரும்ப அழைத்துவர, சரியாக நடுவில் ஓர் உச்சம் தேவைப்படுகிறது. நாவலாசிரியருக்கு இந்த இரண்டு கவலைகளும் இல்லை. ஒரு மனிதன் இரவு முழுவதும் விழித்திருந்து ஒரு முடிவுக்கு வருவதை அவரால் பத்துப் பக்கங்களில் எழுத முடியும். கேமராவோ வெளியில் நிற்கிறது. மனத்துக்குள் நடப்பதை முகத்தின் வழியாகவோ செயலின் வழியாகவோதான் அது காட்டியாக வேண்டும்.

அதற்காக, திரைக்கு வேறு வழியே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் அறியாத ஒருவனின் காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்பிய மகளின் தலையில் ஒரு தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். யாரும் பார்க்காத, யாரும் கைதட்டாத அந்தச் செயலைத் தமிழில் எழுதப்பட்ட மிகப் பெரிய வீரச் செயல்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதன் நாயகி கங்கா வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள், படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பத்திரிகையில் தன் கதையையே வேறொரு முடிவோடு படித்துவிட்டு, தன்னைக் கெடுத்தவனைத் தானே தேடிப் போகிறாள். அந்த நாவலை ஏ. பீம்சிங் படமாக்கியபோது திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு பெண் அவமானத்தைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடப்பதை அந்தப் படம் சண்டையோ முழக்கமோ இல்லாமல் காட்டிவிட்டது. ஆகவே தடை கேமராவில் இல்லை. நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட வணிகத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமாக விடை தருவது, என்னைப் பொறுத்தவரை, பூமணியின் 'வெக்கை' நாவலும் அதைத் தழுவி வெற்றிமாறன் 2019-இல் எடுத்த 'அசுரன்' படமும்தான். நான் கரிசல் காட்டில் வளர்ந்தவன் என்பதால் அந்த நாவலோடு எனக்கு நெருக்கம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாவலின் தொடக்கத்திலேயே, பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் துண்டாக்க வேண்டும் என்பதுதான் அவன் போட்டிருந்த திட்டம். வீச்சு நினைத்ததைவிட ஆழமாக இறங்கி, ஆளே செத்துப்போகிறான். வழக்கமான பழிவாங்கும் கதை எந்த இடத்தில் முடியுமோ அந்த இடத்தில் பூமணி தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரிவதுதான் கதை. பக்கம் பக்கமாக அவர்கள் தண்ணீர் தேடுகிறார்கள், சோறு பொங்குகிறார்கள், கிடைத்த நிழலில் கண்ணயர்கிறார்கள், இருட்டில் இடம் மாறுகிறார்கள், நடந்துபோனவற்றைப் பேசிக்கொள்கிறார்கள். தகப்பன் பரமசிவம் மகனைத் திட்டித் தீர்ப்பதும் இல்லை, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் இல்லை. அவனுக்குப் பசிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். தாயும் மாமனும் தங்களால் ஆன மட்டும் சுமையைத் தாங்குகிறார்கள். அந்தக் குடும்பத்தில் வீரன் யார் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. எல்லோரும் அச்சப்படுகிறார்கள், எல்லோரும் அச்சத்தோடேயே செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள். சாதியின் பெயரைக்கூட ஆசிரியர் உரக்கச் சொல்வதில்லை. நிலத்துக்காக எளியவர்களை நசுக்கும் அதிகாரம் எப்படி இருக்கும் என்பதை அந்த வெயிலோடு சேர்த்து நம்மேல் இறக்குகிறார்.

'அசுரன்' இந்தக் கதையின் மையத்தை மகனிடமிருந்து தகப்பனுக்கு மாற்றியது. தனுஷ் நடித்த சிவசாமியை, மகனே கோழை என்று வெறுக்கிறான். அப்படிப்பட்டவர், மகனின் உயிருக்கு ஆபத்து வந்த கணத்தில், இடைவேளைக்குச் சற்று முன், யாரும் எதிர்பாராத வேகத்தோடு எழுந்து எதிரிகளைச் சாய்க்கிறார். அரங்கம் அதிர்ந்த காட்சி அது. என்னோடு படம் பார்த்தவர்கள் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார்கள். பிறகு நாவலில் இல்லாத ஒரு நீண்ட பின்கதை வருகிறது. பஞ்சமி நிலப் போராட்டம் (ஆங்கிலேய ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கான போராட்டம்), காலில் செருப்பு அணிந்ததற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்படுவது, குடிசைகளோடு மனிதர்கள் எரிக்கப்படுவது ஆகியவற்றைப் பார்க்கும்போது, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது நினைவுக்கு வராமல் போகாது. நாவல் அடங்கிய குரலில் சொன்ன அரசியலைப் படம் வாய்விட்டுச் சொன்னது. அதற்காக அந்தப் படத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு நட்சத்திரப் படத்துக்குள் பஞ்சமி நிலம் என்ற பேச்சைக் கொண்டுவருவதற்கும் துணிச்சல் வேண்டும்.

ஆனாலும், அந்தப் படத்தில் சிவசாமியின் வீரம் உச்சத்தில் இருக்கும் இடம் எது என்று கேட்டால், சண்டைக் காட்சியை நான் சொல்ல மாட்டேன். மூத்த மகனைக் காப்பாற்றுவதற்காக, அந்த ஊர் ஆண்கள் ஒவ்வொருவர் காலிலும் அவர் விழுந்து எழும் காட்சியைத்தான் சொல்வேன். நடுத்தர வயதுத் தகப்பன் ஒருவர் தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு வீடு குனிந்து மண்ணில் விழுகிறார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் மட்டுமே தெரிகிறது. பெரிய நட்சத்திரம் ஒருவர் அந்தக் காட்சிக்கு உடன்பட்டதும், அதை அவ்வளவு அடக்கமாக நடித்ததும் தமிழ்த் திரையில் அரிதாக நடக்கும் செயல். பூமணியின் பரமசிவத்துக்கு மிக அருகில் தனுஷ் வந்து நின்ற இடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

படத்தில் என்னால் ஏற்க முடியாத மாற்றம் ஒன்று உண்டு, அது முடிவில் வருகிறது. நாவலில் அப்பனும் மகனும் சேர்ந்தே சரணடையப் போகிறார்கள். தான் செய்த கொலையின் விளைவைத் தானே ஏற்கும் உரிமையைப் பூமணி அந்தச் சிறுவனிடமே விட்டுவைக்கிறார். படத்தில் சிவசாமி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போகிறார். நிலத்தையும் பணத்தையும் பறிப்பவர்களால் படிப்பைப் பறிக்க முடியாது என்று சொல்லி மகனை அனுப்பிவிடுகிறார். அந்த அறிவுரை இன்றைக்கும் தேவையானதுதான், அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த இடத்தில் சிதம்பரத்தின் பங்கும் தகப்பனின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அண்ணனுக்காக அரிவாள் எடுத்த பதினைந்து வயதுப் பையன், படம் முடியும்போது, அறிவுரை கேட்டுக்கொள்ளும் பிள்ளையாக மட்டும் நிற்கிறான். படத்தை மட்டும் பார்த்தவர்கள் நாவலை வாங்கி, சிதம்பரத்தை முன்னிறுத்தி ஒருமுறை படித்துப் பாருங்கள். சிறிய நூல், இரண்டு நாளில் முடித்துவிடலாம்.