மாதிரிகள் எல்லாம் ஒரே வடிவம் காட்டினால் கலப்பு என்று அர்த்தமா?

வணக்கம். நீலகிரியில் எடுத்த உருளைக்கிழங்கு பின்பருவ இலைக்கருகல் மாதிரிகள் அத்தனையும் ஒரே எஸ்எஸ்ஆர் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை வைத்து வகை பிரிக்கும் சோதனை) வடிவம் காட்டுகின்றன, டிஎன்ஏ கலந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரி பெரும்பாலும் பாலிலா முறையில்தான், அதாவது இணைசேராமலேதான், பெருகும். ஒரே குளோன், அதாவது ஒன்றிலிருந்தே நகலாகப் பெருகிய ஒரே மரபுவகை, பெரிய பரப்பையே பிடித்துக்கொள்ளும். 2009-10இல் தென்னிந்தியாவில் தக்காளியை அழித்தது, ஐரோப்பாவில் முன்பே பரவியிருந்த 13_ஏ2 குளோன். மெட்டலாக்சில் என்ற நோய்க்கொல்லி மருந்துக்கும் அது மசியாது.

சந்தேகம் தீர, டிஎன்ஏ சேர்க்காத ஒரு வெற்றுக் குழாயையும் வேறு குளோன் என்று உறுதியான ஒரு மாதிரியையும் கூடவே ஓட்டுங்கள். வெற்றுக் குழாயில் ஏதாவது தெரிந்தாலோ, அந்த வேறு குளோனும் இதே வடிவம் காட்டினாலோ மட்டும் கவலைப்படுங்கள்.

அப்புறம், ஒரே லோகஸில் (டிஎன்ஏவில் சோதிக்கும் ஓர் இடம்) மூன்று அல்லீல் (அந்த இடத்தின் மாற்று வடிவங்கள்) வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 13_ஏ2 மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று கொண்டது, அதில் அது இயல்பு. ஹார்டி-வெயின்பெர்க் கணக்கு, அதாவது இணைசேர்ந்து பெருகும் கூட்டத்தில் அல்லீல்கள் எந்த விகிதத்தில் சேரும் என்று பார்க்கும் கணக்கு, இங்கே வேண்டவே வேண்டாம். குளோன்களை எண்ணினால் போதும்.