லிக்விட் கூலர் போட்டும் 100 டிகிரி: குறை கூலரிலா?

கேள்வி: திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன மாதம் கோர் ஐ7-14700கே பிராசசரும் 240 மி.மீ. ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக வரும்) லிக்விட் கூலரும் போட்டுக் கணினி வாங்கினேன். ரெண்டர் கொடுத்தால் சூடு 100 டிகிரிக்குப் போய்விடுகிறது. கடைக்காரர், ‘கூலர் சின்னது, 360 மி.மீ. மாற்றிக்கொள்ளுங்கள்’ என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? கூலர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். 100 டிகிரி என்பதை மட்டும் வைத்துக் கூலரை எடைபோட முடியாது. எவ்வளவு நேரத்தில் அந்த 100-ஐத் தொட்டது, அப்போது பிராசசர் எத்தனை வாட் இழுத்தது, அறையில் எவ்வளவு வெக்கை? இந்த மூன்றும் வேண்டும்.

14700கே சாதுவான பிராசசர் இல்லை. இன்டெல் கணக்கில் அடிப்படை மின்வரம்பு 125 வாட், டர்போவில் 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் இந்த வரம்பைக் கழற்றிவிட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்தன. கயிற்றை அவிழ்த்துவிட்டால் இது 253-ஐயும் தாண்டி ஓடும், 100 டிகிரியில் முட்டியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் பெரிய கூலர் மாட்டினால் என்ன ஆகும்? இன்னும் கொஞ்சம் வாட் இழுத்துக்கொண்டு மறுபடியும் 100-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 இரண்டு மென்பொருளும் இலவசம்தான். சுவர்க் கடிகாரத்தில் வரும் தெர்மாமீட்டர் இருந்தால்கூடப் போதும், கேபினட் பக்கத்தில் வையுங்கள். சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டின் வரைபடத்தைப் பாருங்கள்.

தொடங்கிய இரண்டு மூன்று நொடிகளிலேயே 100-க்குத் தாவினால், தண்ணீரின் சூட்டை வெளியே தள்ளும் ரேடியேட்டர் (240, 360 என்பது இதன் அளவுதான்) சின்னது என்று பழி போடாதீர்கள். அதற்குள் தண்ணீர் சூடாகியிருக்கவே முடியாது. வாட் வரம்பு அவிழ்ந்திருக்கும், அல்லது பிராசசருக்கும் கூலரின் செம்புத் தகட்டுக்கும் நடுவில் ஏதோ கோளாறு: இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, திருகுகள் ஒரு பக்கம் தளர்ந்திருக்கின்றன, அல்லது தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டார்கள். சிரிக்காதீர்கள், ‘கூலர் டெட்’ என்று என்னிடம் வந்த ஒரு கணினியில் அந்தத் தாள் வெந்து சுருங்கி ஒட்டியிருந்தது.

85-இல் தொடங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் கதை வேறு. தண்ணீர் சூட்டை வாங்கிவிட்டது, அதை வெளியே தள்ளத்தான் முடியவில்லை. ரேடியேட்டரில் தூசி, ஃபேன் வேகம் குறைவு, கேபினட்டுக்குள் காற்று வரப் போதிய வழி இல்லை என்று தேட வேண்டும்.

மூன்றாவது, பம்ப் நின்றுபோவது. சும்மா இருக்கும்போதே சூடு 70, 80 என்று ஏறிக்கொண்டே போகும். ஓடும்போது ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். பிராசசர் கொதிக்கையில் ரேடியேட்டர் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தால், சூடு அங்கே வந்தே சேரவில்லை என்று அர்த்தம். பம்பின் வயரை மதர்போர்டில் பம்புக்கென்று உள்ள இடத்தில் செருகி, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பக்கம்) முழு வேகத்தில் ஓடும்படி வையுங்கள். ஃபேன்தான் சூட்டைப் பார்த்து ஏறி இறங்க வேண்டும், பம்ப் அல்ல.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அரை மணி நேர முடிவில் சூடு 100, அறை 34, பேக்கேஜ் பவர் (பிராசசர் மொத்தமாக இழுக்கும் வாட்) 220 வாட் என்று வைத்துக்கொள்வோம். 100-இல் 34 போனால் 66. அதை 220-ஆல் வகுத்தால் 0.3. அதாவது ஒவ்வொரு வாட்டுக்கும் அறையைவிட 0.3 டிகிரி ஏறுகிறது. இந்தப் பிராசசரில் 240 மி.மீ. கூலர் 0.3 பக்கம் நின்றால் நான் குறை சொல்லமாட்டேன். 0.4-ஐத் தாண்டினால் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். எந்த ஏஐஓவும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. யூடியூபில் 22 டிகிரி ஏசி அறையில் 88 காட்டும் அதே கூலர், அதே வாட்டில் உங்கள் அறையில் 100 காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை பயாஸில்தான். அதைப் புதுப்பியுங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தம் மிகையாகப் போய்ச் சிப் பழுதாகும் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து திருத்தங்கள் கொடுத்திருக்கிறது, எப்படியும் அது வேண்டும். அப்புறம் இன்டெல் டிஃபால்ட் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நீண்டநேர, குறுகியநேர மின்வரம்பு இரண்டையும் 180 வாட்டில் வையுங்கள். 0.3 கணக்குப்படி 34 டிகிரி அறையில் 88-இல் நிற்க வேண்டும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வாட் குறைந்த அளவுக்கு வேகம் குறையாது.

ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கேபினட்டின் மேல்பக்கம் சிறந்த இடம். முன்பக்கமானால் அதன் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய்கள் கீழ்ப்பக்கமாக வந்தால் நல்லது. அடியில் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் உயரமான இடத்துக்குத்தான் போகும், அது பம்பாக இருந்தால் கரகரவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும்.

360 போட்டால் பலன் இல்லையா? உண்டு, இதே 180 வாட்டில் ஐந்தாறு டிகிரி குறையலாம், ஃபேன் சத்தமும் தணியும். புதிதாக வாங்குபவராக இருந்தால் 14700கே-க்கு நானே 360 என்றுதான் சொல்லியிருப்பேன். வாங்கி ஒரு மாதமே ஆன 240-ஐத் தூக்கிப்போட இது காரணம் ஆகாது.

180 வாட்டிலும் நொடியில் 100-ஐத் தொட்டால், அந்த வரைபடத்தையும் வாட் அளவையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் கண்முன்னே கூலரைக் கழற்றி, பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி மாட்டச் சொல்லுங்கள்.