பெரிய பற்றரி நிறைய இருந்தும் கார் எழும்பாதது ஏன்? பிளக்-இன் ஹைபிரிட் கேள்வி பதில்

வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும், பெற்றோல் எஞ்சினிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் 12 வோல்ட் பற்றரி பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கல்லடி: அண்ணா, பிரியஸ் பிஎச்வி. இரவு வீட்டுப் பிளக்கில போட்டு முழுச் சார்ஜ் ஏத்தினது. ரெண்டு நாள் எடுக்கேல்ல. இப்ப சாவியை அமத்தினா ஒரு சத்தமும் இல்ல, கதவும் திறக்குதில்ல. சார்ஜ் இருக்கிற கார் எப்பிடிச் சாகும்?

அந்தக் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. நீங்கள் பிளக்கில் நிறைத்தது பெரியதை. முதல் தலைமுறைப் பிரியஸ் பிஎச்வியில் அது 207 வோல்ட், 4.4 கிலோவாட்-மணி. மற்றையது டிக்கியின் வலப்பக்க மூடிக்குள் இருக்கும் 12 வோல்ட் ஈயப் பற்றரி. கதவுப் பூட்டு, சாவியைக் கண்டுகொள்ளும் பகுதி, கம்பியூட்டர்கள், பிரேக் பம்ப் எல்லாமே சின்னதை நம்பித்தான் இருக்கின்றன. பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, மூடுவதும் இந்த 12 வோல்ட்தான். அது இறங்கிவிட்டால் பெரிய பற்றரி மூடி போட்ட கிணறு மாதிரி. தண்ணீர் இருக்கும், அள்ள முடியாது. திரும்பப் பிளக்கைக் குத்தினாலும் பலன் இல்லை. சார்ஜ் தொடங்கச் சொல்லும் கம்பியூட்டருக்கும் 12 வோல்ட் வேண்டும்.

சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்தெடுத்துச் சாரதிக் கதவைத் திறவுங்கள். உள்ளே லைட்டும் ஹோனும் வேலை செய்தால் காரின் பற்றரி நல்லது. சாவியின் நாணயப் பற்றரிதான் இறங்கியிருக்கிறது. அப்படியானால் பிரேக்கை மிதித்து, சாவியைப் பவர் பட்டனில் தொட்டு வைத்து, பிறகு பட்டனை அமத்துங்கள். லைட்டும் இல்லையென்றால் 12 வோல்ட் பற்றரி முடிந்தது.

காத்தான்குடி: காக்கா, மீற்றர் முழுக்க சிவப்பும் மஞ்சளுமா லைட் எரியுது, "ஹைபிரிட் சிஸ்டத்தைப் பாருங்க"ன்னு வருது. கராஜில ஹைபிரிட் பற்றரி போச்சு, மாத்தணும் என்கிறாங்க. லட்சக்கணக்கில கேக்கிறாங்க. உண்மையா?

உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 12 வோல்ட் பற்றரியை அளக்காமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது, நீங்களும் சம்மதிக்கக் கூடாது தம்பி. ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எதையும் போடுவதற்கு முன் அளவுங்கள். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து மீற்றரைக் கழற்றாமலே பவர் பட்டனை அமத்துங்கள். நின்ற நிலையில் 12.4 காட்டிய பற்றரி அந்த நொடியில் 10-க்குக் கீழே விழுந்தால், அதன் உள் தட்டுகள் போய்விட்டன.

ஏன் இத்தனை லைட்? வோல்ட் விழும்போது ஒவ்வொரு கம்பியூட்டராகத் தூங்கிப் போகும். மிச்சமுள்ளவை "அது பேசவில்லை, இது பேசவில்லை" என்று பிழை எழுதி வைக்கும். காரின் பிழைக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேனரில் யு என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகளும், வோல்ட் சரியில்லை என்னும் பி0560-உம் கூட்டமாக வந்தால் முதல் சந்தேகம் 12 வோல்ட் மேல்தான். நல்ல 12 வோல்ட் பற்றரியை வைத்து, குறியீடுகளை அழித்து, சில நாள் ஓடிய பிறகும் பெரிய பற்றரியைக் குறிக்கும் பி0ஏ80 திரும்ப வந்தால் மட்டும் பெரிய பற்றரியைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொரு அளவும் எடுங்கள். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும்போது 12 வோல்ட் பற்றரியில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் காட்ட வேண்டும். ஹைபிரிட்டில் ஆல்டர்னேற்றர் இல்லை. பெரிய பற்றரியின் மின்சாரத்தை இறக்கிச் சின்னதை நிரப்புவது டிசி-டிசி கன்வேர்ட்டர். ரெடியில் நின்றும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் கோளாறு கன்வேர்ட்டரிலோ அதன் பியூஸிலோதான். அப்போது புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் சாகும்.

செங்கலடி: ஜம்ப் பண்ணுறது எப்பிடி அண்ணா? தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

ஜம்ப் என்றால் வேறொரு காரின் பற்றரியிலிருந்து வயர் போட்டு எழுப்புவது. தள்ளவே வேண்டாம். கிளச்சும் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டரும் இல்லை. பார்க்கிங் பூட்டும் மின்சாரத்தில் இயங்குவதால் சக்கரம் அசையாது.

பிரியஸில் டிக்கியைத் திறக்கத் தேவையில்லை. பொனற்றைக் கையால் இழுக்கும் லீவரால் திறந்து, பியூஸ் பெட்டி மூடியைக் கழற்றினால் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை தெரியும். பிளஸ் அதுதான். முதலில் சிவப்பு வயரின் ஒரு முனையை அதில் கவ்வுங்கள், மறுமுனையை உதவும் காரின் பிளஸில். கறுப்பு வயரை உதவும் காரின் மைனஸில் கவ்வி, கடைசி முனையை உங்கள் காரின் பெயின்ற் இல்லாத கனத்த இரும்பு போல்ற்றில் வையுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்துப் பவரை அமத்துங்கள். ரெடி வந்ததும் வயர்களைத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

சிவப்பும் கறுப்பும் ஒரு கணம் மாறினாலும் பிரதான பியூஸ் போகும், கெட்ட நேரத்தில் கன்வேர்ட்டரும் சேர்ந்து போகும். இருட்டில், மழையில், அவசரத்தில் நடப்பது இதுதான். ஆகவே ஒரு டோர்ச் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொட வேண்டாம். அது பெரிய பற்றரியின் வழி.

ஏறாவூர்: கிட்ட வேற கார் இல்ல. ஆட்டோ பற்றரி போதுமா?

போதும். எஞ்சினைச் சுற்றப்போவது பெரிய பற்றரி. சின்னதிடம் கேட்பது கம்பியூட்டரை எழுப்பி ரிலேயை மூடும் அளவு மட்டும். நல்ல 12 வோல்ட் ஆட்டோ பற்றரி தாராளம். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 7 ஆம்பியர்-மணிப் பற்றரி கூடச் செய்யும். கையடக்க லிதியம் ஜம்பரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பற்றரி அடியோடு காலியானால் சில ஜம்பர்கள் எதிரில் பற்றரி இருப்பதையே உணராது. அதற்கென்று ஒரு பூஸ்ட் பட்டன் இருக்கும், அதை அமத்த வேண்டும்.

கல்முனை: என் ஹைபிரிட்டால பக்கத்து வீட்டு டீசல் வேனை ஜம்ப் பண்ணிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். டீசல் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு உங்கள் சின்னப் பற்றரியும் கன்வேர்ட்டரும் செய்யப்பட்டவை அல்ல.

அக்கரைப்பற்று: கடையில என்ர காரின்ர 12 வோல்ட் பற்றரி, எஸ்46பி24ஆர், இல்லையாம். சாதாரணக் கார் பற்றரி அதே சைஸ், அரைவாசி விலை, போடலாம் என்கிறாங்க.

அளவு பொருந்தும், இடம் பொருந்தாது. இந்தப் பற்றரி நீங்கள் இருந்து மூச்சு விடும் அறைக்குள் இருக்கிறது. சாதாரண நீர்ப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை விடும், அமிலப் புகையும் வரும். ஹைபிரிட்டின் 12 வோல்ட் பற்றரி ஏஜிஎம் வகை. அமிலம் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும். வாயு மிஞ்சினால் பக்கத்துத் துளையில் குத்தியிருக்கும் மெல்லிய குழாய் வழியே காருக்கு வெளியே போகும். பற்றரி மாற்றும்போது அந்தக் குழாயைத் திரும்பக் குத்த மறப்பவர்கள் அநேகம். போட்டு முடித்த பிறகு நீங்களே கைவைத்துப் பாருங்கள்.

எஸ்46பி24ஆர் என்ற பற்றரி இலக்கத்தை வாசிக்கும் முறை இது. முன்னால் வரும் எஸ் இந்த வகை அடைத்த பற்றரி. 46 அதன் திறன். பி அகலமும் உயரமும். 24 நீளம், ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். ஆர் என்றால் பிளஸ் முனைப் பக்கத்துக் குறுகிய சுவரிலிருந்து பார்க்க பிளஸ் வலப்பக்கம். எல் வாங்கினால் வயர் எட்டாது. இழுத்து எட்ட வைக்கவும் முயல வேண்டாம். கழற்றும்போது 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பழைய ஸ்டொக் வாங்காதீர்கள். கடையிலேயே மீற்றர் வைத்து 12.5-க்குக் குறைந்தால் வேறொன்று கேளுங்கள்.

அண்மையில் இறக்குமதியான சில சீனப் பிளக்-இன் கார்களில் 12 வோல்ட் பற்றரியே லிதியம். அதற்கு ஈயப் பற்றரி சார்ஜரைக் கொழுவக் கூடாது.

களுவாஞ்சிகுடி: புதுப் பற்றரி போட்டு மூணு மாசம். நாலு நாள் நிண்டா திரும்ப டவுன். பற்றரி கூடாததோ?

டாஷ்கேமரா, கார் நிற்கும் இடத்தைக் காட்டும் ட்ரக்கர், வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரம் இவற்றில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பூட்டி நிற்கும் கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடிப்பது இயல்பு. 50 என்றாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். நிற்கும்போதும் பதிவு செய்யும் கேமரா 250 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி. 36 ஆம்பியர்-மணிப் பற்றரி மூன்று நாளில் பாதியாகும், ஐந்தாம் நாள் கார் எழும்பாது. உங்கள் கணக்கும் இதுதான் போலத் தெரிகிறது.

அளப்பதற்கு, மைனஸ் வயரைக் கழற்றி முனைக்கும் வயருக்கும் இடையில் மல்டிமீற்றரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். காரைப் பூட்டிச் சாவியைத் தூரத்தில் வைத்து, அரை மணித்தியாலம் கழித்து வாசியுங்கள். கம்பியூட்டர்கள் உடனே தூங்குவதில்லை. மீற்றர் இடையில் இருக்கும்போது பவர் பட்டனைத் தொட்டால் மீற்றரின் பியூஸ் போகும். 50-க்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதில் விழுகிறதோ அங்கேதான் கசிவு. சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கவிடுவதும் கெட்ட பழக்கம்; சில கார்கள் அதனால் திரும்பத் திரும்ப விழிக்கும்.

ரெடி போடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பதையும் விட வேண்டும். காத்திருக்க வேண்டுமென்றால் ரெடியிலேயே இருங்கள். அப்போதுதான் கன்வேர்ட்டர் சின்னதை நிரப்பும்.

நிந்தவூர்: காக்கா, இவர் கட்டார் போயிட்டார். ஆறு மாசம் கார் நிக்கும். எனக்கு ஓடத் தெரியாது.

ஓடத் தேவையில்லை தங்கச்சி. கிழமைக்கு ஒரு தடவை வெளியில், காற்றோட்டமான இடத்தில் பார்க்கிங்கில் நிற்கும்போதே பிரேக்கை மிதித்து ரெடி போட்டு, ஒரு மணித்தியாலம் விடுங்கள். இடையில் எஞ்சின் தானாக ஓடி நிற்கும், பயப்பட வேண்டாம். ஆகவே மூடிய கராஜுக்குள் மட்டும் செய்ய வேண்டாம். அதுவும் சரிவராவிட்டால் 12 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கழற்றி வைக்கலாம். பெரிய பற்றரியைப் பாதியளவு சார்ஜில் விடச் சொல்லுங்கள், முழுதாக நிறைத்தும் காலியாகவும் வேண்டாம். மைனஸைக் கழற்றினால் டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறக்காது. பொனற்றுக்குள் இருக்கும் சிவப்பு முனை எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

வாழைச்சேனை: மார்கழி வெள்ளத்தில கார் சீற் மட்டத்துக்குத் தண்ணியில நிண்டது. வடிஞ்ச பிறகு ஜம்ப் பண்ணிப் பாக்கலாமா?

கட்டாயம் வேண்டாம். 12 வோல்ட் கொடுத்தால் ரிலே மூடும், ஈரமான பகுதிகளுக்குள் 200, 300 வோல்ட் பாயும். பிளக்கையும் குத்தாதீர்கள். உயர் வோல்ட் வேலை தெரிந்தவர் பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றிப் பரிசோதிக்கும் வரை அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

பொத்துவில்: ஜம்ப் பண்ணி எழும்பிச்சு. இனி ஓடினாலே சார்ஜ் ஏறிடுமா? வழியில திரும்ப நிண்டா எப்பிடி இழுக்கிற?

அக்கரைப்பற்று வரை ஒரு மணித்தியாலம் ஓடினால் அன்றைக்குப் போதுமான அளவு ஏறும், நிறையாது. அடியோடு காலியான பற்றரியை வீட்டுக்கு வந்ததும் ஏஜிஎம் நிலையுள்ள சார்ஜரில், 5 ஆம்பியருக்கு மேல் போகாமல், இரவு முழுக்கப் போட வேண்டும். வேகமாக ஏற்றும் பெரிய கராஜ் சார்ஜரில் போட்டால் பஞ்சு காயும். மறுநாள் 12.5-க்கு வராவிட்டால் மாற்றுங்கள். எங்கள் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடிய பற்றரி என்றால் யோசிக்கவே வேண்டாம். கடலோரத்தில் முனையில் பூக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சுடுதண்ணீரும் அப்பச் சோடாவும் கொண்டு தேய்த்துக் கழுவிக் காயவிட்டு வாசலின் பூசுங்கள். பல "செத்த" பற்றரிகளின் கோளாறு அந்தத் தூள்தான்.

இழுப்பதென்றால் பிரியஸில் முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. அவை சுழன்றால் மோட்டர் மின்சாரம் பிறப்பிக்கும். அவுட்லாண்டர் பிஎச்இவியில் முன்னுக்கும் பின்னுக்கும் மோட்டர் இருப்பதால் நாலு சக்கரமும் ஏறும் தட்டையான லொறிதான் வேண்டும். கயிறு கட்டி இழுக்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.