நன்றியும் திருத்தமும்

அன்புள்ள ஐயா,

3 நாட்களுக்கு முன் முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் முடிந்தது. வீடியோ வழியாகத்தான். 2 பேராசிரியர்கள், 40 நிமிடம். உடனே நன்றி சொல்லி மெயில் போடு என்கிறாள் அக்கா. அது காக்கா பிடிக்கிற வேலை, போடாதே என்கிறான் நண்பன். எனக்கோ ஒருவருடைய முகவரி மட்டும்தான் தெரியும். இன்னொரு விஷயம்: என் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிக் கேட்டபோது பதற்றத்தில் 'வெளியாகிவிட்டது' என்று சொல்லிவிட்டேன். உண்மையில் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான். நன்றி மெயிலிலேயே இதையும் பக்குவமாகச் சொல்லிவிடலாமா? இத்தனை நாள் கழித்து எழுதினால் தப்பாக நினைப்பார்களா?

ம.

அன்புள்ள ம.,

நன்றியில் ஆரம்பித்திருக்கிறீர்கள், ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கட்டுரை விஷயம்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் சின்னதை முடித்துவிடுவோம்.

நன்றி மெயில் போட்டதால் யாருக்கும் இடம் கிடைப்பதில்லை, போடாததால் போவதும் இல்லை. நானும் சில வருடங்கள் ஒரு சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் பேசி முடித்ததுமே மதிப்பெண்ணையும் குறிப்பையும் எழுதிவிடுவோம், ஏனென்றால் அடுத்தவர் வந்து பேசினால் முந்தையவர் சொன்னது பாதி மறந்துவிடும். சாயங்காலம் நன்றி மெயில் வந்து சேரும்போது எங்கள் படிவம் அலுவலகத்துக்குப் போயிருக்கும். மருத்துவச் சேர்க்கையில் மல்டிபிள் மினி இன்டர்வியூ என்று ஒன்று உண்டு, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை. மணி அடித்தால் அடுத்த அறை, அறைக்கு ஏழெட்டு நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறொரு மதிப்பீட்டாளர். அங்கே யாருக்கென்று எழுதுவது? சில நிறுவனங்கள் நேர்காணலுக்குப் பிறகு யாருக்கும் எழுத வேண்டாம் என்று அழைப்பிலேயே சொல்லிவிடும். உங்களுக்கு வந்த அழைப்பை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அக்கா சொன்னாலும் எழுதாதீர்கள்.

இல்லை என்றால் எழுதலாம், அது காக்கா பிடிப்பது ஆகாது. 40 நிமிடம் உட்கார்ந்து நீங்கள் சொன்னதைக் கேட்டவருக்கு நன்றி சொல்வதில் என்ன தப்பு? ஆனால் எனக்கு வந்தவற்றில் பாதி நன்றியே இல்லை. ஒருவர் எழுதியதில் என் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, வேறு எழுத்துருவில் இருந்தது. எத்தனை பேருக்கு ஒட்டினாரோ! என் சக பேராசிரியருக்குப் போனதில் என் பெயரே இருந்தது. இன்னொரு பெண் 4 வரிதான் எழுதியிருந்தார். பேச்சுவாக்கில் நான் சொன்ன ஒரு புத்தகத்தைத் தேடி முதல் அத்தியாயம் படித்தாராம், ஒரு இடத்தில் ஒப்புக்கொள்ள முடியவில்லையாம். நான் உட்கார்ந்து பெரிய பதிலே எழுதினேன். அவருக்கு இடம் கிடைத்ததா என்று இப்போது நினைவில்லை.

சரி, கட்டுரை. நன்றிக்குள் பொதிந்து இதைச் சொல்லாதீர்கள். படிக்கிறவருக்கு அந்த நன்றியே தூண்டில் மாதிரித் தெரியும், திருத்தமோ மழுப்பல் மாதிரித் தெரியும். அதோடு, நேர்காணல் செய்தவர் அதைப் படித்துவிட்டு அலுவலகத்துக்கு அனுப்புவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவருடைய குறிப்பில் 'கட்டுரை வெளியாகியுள்ளது' என்று அப்படியே கிடக்கும். கட்டுரை வெளியானதா என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று விண்ணப்பத்தில் நீங்கள் உறுதி கொடுத்திருப்பீர்கள், பெரும்பாலான இடங்களில் அது உண்டு. பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால், பதற்றத்தில் வாய் தவறியது என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

அதனால் சேர்க்கை அலுவலகத்துக்குத் தனியாக, இன்றைக்கே, விண்ணப்ப எண்ணோடு எழுதுங்கள். 'நேர்காணலில் என் கட்டுரை வெளியாகிவிட்டதாகச் சொன்னேன். அது தவறு. இதழுக்கு அனுப்பப்பட்டுப் பரிசீலனையில் இருக்கிறது. நேர்காணல் குழுவுக்கும் இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.' இவ்வளவு போதும். பதற்றம், தூக்கமின்மை, இணைய இணைப்பு எதுவும் வேண்டாம். விண்ணப்பத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள் என்றால் அதையும் ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள், வேலை சுலபமாகும். இதனால் இடம் போய்விடுமா என்றால், போகலாம். எனக்குத் தெரிந்து இப்படிச் சொன்னவரை நாங்கள் குறைத்துப் பார்த்ததில்லை, ஆனால் எல்லாக் குழுவும் எங்கள் குழு மாதிரி என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு எச்சரிக்கை. இந்தச் சாக்கில், ராத்திரி படுக்கையில் தோன்றிய நல்ல பதில்களையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். தகவல் தப்பாக இருந்தால் திருத்தலாம். பதில் சுமாராக இருந்தது என்றால் அது சுமாராகவே இருக்கட்டும், எல்லோருக்கும் அதே 40 நிமிடம்தானே.

அப்புறம் நன்றி. 3 நாள் ஒன்றும் பெரிய தாமதம் இல்லை, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம். முகவரி தெரிந்தவருக்கு நாலு வரி எழுதி, மற்றவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் என்று சேர்த்துவிடுங்கள். துறையின் பக்கத்தில் அவர் முகவரி இருந்தால் நேராகவே அனுப்பலாம், ஆனால் முகநூலில் தேடிப் போகாதீர்கள், எங்களுக்கு அது கொஞ்சம் பயமாகவே இருக்கும். பேசியதில் உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றைக் குறிப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் 'நேரம் ஒதுக்கியதற்கு நன்றி' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பதில் அநேகமாக வராது. வந்து சேர்ந்ததா என்று கேட்டு இன்னொரு மெயில் போடாதீர்கள்.