சட்டத்தை முதலில் படிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

தேர்தல் நன்கொடை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் தண்டையார்பேட்டைக்காரன். என் தாத்தா பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். வேலை நேரத்துக்குக் கணக்கு உண்டு, அதைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். நான் இப்போது மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது வாடிக்கையாகிவிட்டது. எந்தக் கட்சி வந்தாலும் முதலாளிகள் கேட்கும் சட்டம்தான் வருகிறது. பணம் கொடுத்துச் சட்டத்தையே வாங்கிவிடுகிறார்கள் என்றால் நாங்கள் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

செ., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள செ.,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘வாங்கிவிடுகிறார்கள்’ என்ற சொல்லை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன்.

பணத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிச் சட்டத்தில் வரம்பு இருந்தது. 2017-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது; யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயத்தையும் நீக்கியது. பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால் அதைத் தடுக்க மாநிலங்களவைக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தோடு இந்தத் திருத்தங்களையும் ரத்து செய்தார்கள். நிறுவனங்கள் தரும் நன்கொடை, கைம்மாறு எதிர்பார்த்துச் செய்யப்படும் வணிகப் பரிவர்த்தனையே என்று அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாக்காளர்களாகிய நமக்குத் தெரியாமல் இருந்த கணக்கு, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆயினும் பல ஆண்டுகளாக இதைக் கவனித்துவரும் எனக்கு, பெட்டி கைமாறுவதைக் காட்டிலும் பெரிய செல்வாக்கு வேறொன்றில் இருப்பதாகவே படுகிறது. ஒரு சட்டமோ விதியோ வரைவாக இருக்கும்போதே அதைப் படித்து, ஒரு சொல்லை நீக்கி இன்னொரு சொல்லைச் சேர்க்கச் சொல்லும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் அது. முதலாளிகளின் தொழில் அமைப்புகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் அரசிடம் பேசுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டு மீனவரும்தான் அமைச்சரைப் பார்த்து மனு கொடுக்கிறார். ஆனால் யார், எப்போது, எந்தப் பிரிவைப் பற்றிப் பேசினார்கள் என்று பதிவு செய்ய வைக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. வரைவுகளை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் எடுத்த முடிவும் துறைகளுக்கான அறிவுறுத்தல்தானே தவிரச் சட்டம் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், புதிய திட்டம் ஒன்றைப் பற்றி நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் கனத்த தொகுதிகள் மேடை மேசையில் இருந்தன. அனைத்தும் ஆங்கிலம். சனங்களுக்குக் கிடைத்தது சில பக்கத் தமிழ்ச் சுருக்கம் மட்டும். அதில் இருந்த தமிழும் ஆங்கிலத்தைப் போலவே புரியாததாக இருந்தது. மீன்கூடை சுமந்து காய்ப்பேறிய கையில் அந்தத் தாள்களைச் சுருட்டிப் பிடித்திருந்த ஒரு அம்மா ஒலிவாங்கி முன் வந்து, “எங்க ஆறு இதுல எந்தப் பக்கத்துல கீதுன்னு காட்டு சார்” என்று கேட்டார். அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்தின் ஆள் பக்கங்களைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார், பின்னர் குறித்துக்கொள்கிறோம் என்றார். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் நிறுவனத்தை அமர்த்துவதும் அதற்குக் கூலி கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவருபவரே என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை அப்படித்தான் வழிவகுத்திருக்கிறது. இதில் யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கத் தேவையில்லை.

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடற்கரை மேலாண்மை வரைபடம் 1996-ல் ஒப்புதல் பெற்றது; அதில் காக்கப்பட வேண்டிய பகுதியாக இருந்த எண்ணூர்க் கழிமுகம், பிற்பாடு வந்த வரைபடத்தில் பெருமளவு காணாமல் போனதாக அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இனி உங்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா, தினசரி, வாராந்திர வேலை நேரம் உள்ளிட்ட பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வை எதிர்பார்க்கின்றன என்று அமைச்சர்களே காரணம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. சிங்காரவேலர் இதே சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த 2023 மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். முழுதாகப் பத்து நாள். உங்கள் ஆலையில் நடப்பது அந்த மசோதா இல்லாமலேயே நடக்கிறது என்பது உண்மை. அதனால்தான் அதைச் சட்ட மீறல் என்று இன்றும் உங்களால் சொல்ல முடிகிறது. அந்த மசோதா சட்டமாகியிருந்தால் அந்தச் சொல்லும் உங்களிடம் இருந்திருக்காது.

அதே ஏப்ரல் 21 அன்று நில ஒருங்கிணைப்பு மசோதா ஒன்றும் நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ளடங்கிய, நூறு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க அது வழிசெய்கிறது. ஏரிகளும் ஓடைகளும் சம்பந்தப்பட்ட அந்த மசோதாவைப் பற்றி அன்று பேசியவர்கள் மிகச் சிலர். அது இன்று சட்டமாக இருக்கிறது. ஒரே அவை, ஒரே நாள், அதே உறுப்பினர்கள். ஒன்றை நாம் படித்தோம், மற்றொன்றைப் படிக்கவில்லை என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தாத்தா சொன்ன சங்கத்தின் கதை இதைவிடக் கடினமானது. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது சங்கத்துக்கென்று சட்டப் பாதுகாப்பே இல்லை. 1920-ல் ஆலை நிர்வாகம் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோர் மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றது. அன்றைய சட்டப்படி அது சரியாகவும் இருந்தது! அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்க வேண்டும் என்று தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததன் தொடர்ச்சியாகத்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அன்று பெரம்பூர்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. உங்களிடம் அது இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தாண்டு காத்திருப்பதுதான் போதாது.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் முப்பது நாள் முன்பாக ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. உங்கள் பகுதி சார்ந்த அறிவிப்பு எதையாவது பார்த்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். உங்களுக்கு வார விடுப்பு என்றைக்கு என்று சொன்னால் சேர்ந்து போய்ப் படிப்போம்.

அன்புடன்.